பெட்டியில் ராணி நிலைக்க: நெல்லைச் சீமையில் புதிதாகத் தேனீ வளர்க்க வருவோருக்கு

தேனீ வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, பெட்டிக்கு எத்தனை கிலோ தேன் கிடைக்கும் என்பதுதான். இந்தியத் தேனீயில் இடமும் வருஷமும் நன்றாக அமைந்தால் 5 முதல் 10 கிலோ வரை எதிர்பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் கிடக்கிறது. பூ குறைந்து, மேல்காற்று விடாமல் அடிக்கும் அந்த மூன்று மாதத்தையும் தாண்டிப் பெட்டியில் ஈ இருந்தால்தான் மாசியில் தேன். இந்தப் பக்கத்தில் தேனீ வளர்ப்பில் பாதி வேலை ஈ ஓடிப்போகாமல் பார்ப்பது. மீதி வேலை நல்ல ராணியை வைத்திருப்பது. தேன் எடுப்பது வருஷத்துக்கு நாலைந்து நாள் சோலிதான். இந்தக் கட்டுரையும் அந்த விகிதத்திலேயே போகும்.

எந்த ஈ, எந்த மாதம்

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை, பெட்டிக்கு வராது. கொசுத்தேனீ பானையிலும் மூங்கிலிலும் வளரும், தேன் கொஞ்சம்தான், அது தனி வழி. இத்தாலியத் தேனீ தேனை அள்ளித் தரும், ஆனால் ஒரு பூ முடிந்ததும் பெட்டிகளை வண்டியில் ஏற்றி அடுத்த பூவுக்குக் கொண்டுபோக ஆளும் பணமும் வேண்டும். தோட்டத்தோடு நாலு பெட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு, மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீதான் சரி.

ஒரு பெட்டியோடு தொடங்காதீர்கள். இரண்டு பெட்டியாவது வாங்குங்கள். ராணி செத்துப்போனால் ஒரு சட்டம் (ஈ அடை கட்டும் மரச்சட்டகம்) முட்டை கடன் வாங்க இன்னொரு பெட்டி வேண்டும். ஒற்றைப் பெட்டிக்காரர் அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

வாங்கும் மாதம் புரட்டாசியிலிருந்து தை வரை. ஆனியில், ஆடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பஞ்சத்தோடு பஞ்சமாகக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். மார்த்தாண்டம் பக்கம் இந்தத் தொழில் 1920-களிலிருந்து வேரூன்றிய ஊர். நெல்லைக்காரர்கள் பெரும்பாலும் பெட்டியும் ஈயும் அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். எங்கே வாங்கினாலும் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். குறைந்தது 4 சட்டத்தில் இருபுறமும் ஈ மூடியிருக்க வேண்டும். இரண்டு சட்டத்திலாவது முட்டை, புழு, மூடிய கூட்டுப்புழு மூன்றும் இருக்க வேண்டும். ஈ நிறைய இருந்து முட்டை இல்லை என்றால், விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வேண்டாம். அடை கறுத்துக் கிடந்தால் விலையைக் குறையுங்கள். அதை எப்படியும் மாற்றியாக வேண்டும்.

அந்தியில் ஈ எல்லாம் உள்ளே வந்த பிறகு வாசலைக் கம்பிவலையால் அடைத்து, இரவோடு இரவாகக் கொண்டுவர வேண்டும். வண்டி போகும் திசைக்குச் சட்டங்கள் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்காக வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் அடைகள் ஒன்றோடொன்று மோதும், ராணி நசுங்கும். பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் 2 கிலோமீட்டருக்கு மேல் தூரம் வேண்டும். இல்லாவிட்டால் வயலுக்குப் போகும் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

பெட்டி

இங்கே புழக்கத்தில் இருப்பது நியூட்டன் பெட்டி. 1910-களில் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த பாதிரியார் நியூட்டன் பெயரில் வந்தது. கீழே அடிப்பலகை, அதன்மேல் முட்டையும் புழுவும் வளரும் புழு அறை, அதற்கும் மேல் தேன் சேரும் தேன் அறை, பிறகு மூடி. புழு அறைச் சட்டம் உள்ளளவில் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம், தேன் அறைச் சட்டம் அதில் பாதிக்கும் குறைவான உயரம். ஊர் ஆசாரியிடம் செய்யச் சொன்னால் இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, சட்டத்துக்கும் சுவருக்கும், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 7 முதல் 8 மி.மீ. இடைவெளி. அதற்கு மேல் போனால் இடையில் குறுக்கு அடை கட்டிவிடும், சட்டத்தைத் தூக்க வராது. குறைந்தால் ஈ நடமாட முடியாது. இரண்டு, எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. அரை விரல் வித்தியாசம் வந்தாலும் ஒரு பெட்டிச் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்ற முடியாது, அப்புறம் கீழே சொல்லப்போகும் எந்த வைத்தியமும் நடக்காது. மரம் நன்றாகக் காய்ந்ததாக, வாசனை இல்லாததாக இருக்கட்டும். உள்ளே பெயிண்ட் கூடாது.

வைக்கும் இடம்

நெல்லைச் சீமையில் இடம் பார்ப்பது என்றால் முதலில் காற்றைப் பார்ப்பது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வரும் மேல்காற்று ஆனி தொடங்கி ஆவணி தாண்டியும் அடிக்கிறது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. வாசல் மேற்கே பார்த்தால் பாரம் சுமந்து வரும் ஈ வாசலில் இறங்க முடியாமல் தரையில் விழும். வாசல் கிழக்கு அல்லது தென்கிழக்கு. முதுகுக்கு ஒரு சுவரோ, அடர்ந்த வேலியோ, வாழைத்தோட்டமோ இருக்க வேண்டும். மூடியைக் கயிற்றால் கட்டி மேலே ஒரு கல்லும் வையுங்கள்.

காலை வெயில் விழ வேண்டும், 11 மணிக்கு மேல் நிழல் வேண்டும். தென்னையடியில் வைக்காதீர்கள், மட்டையும் தேங்காயும் விழும். மா, வேம்பு, புளி நிழல் நல்லது. பங்குனி, சித்திரையில் மூடிமேல் நனைத்த சாக்கு போட்டால் உள்ளே சூடு தணியும். அருகிலேயே அகலமான சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். ஈ கல்லில் உட்கார்ந்து குடிக்கும், முங்காது. அந்தச் சட்டி ஒருநாள் காய்ந்தாலும் ஈ பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போகும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரோடு பஞ்சாயத்து.

பெட்டி நிற்கும் தாங்கி இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் குனிந்து வேலைபார்க்கத் தோது. நாலு காலும் கிண்ணத்தில் நிற்க வேண்டும். கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் கோடையில் இரண்டே நாளில் வற்றும். பழைய எஞ்சின் ஆயில் கொஞ்சம் விட்டால் நிற்கும். ஒரு புல் நீண்டு பெட்டியைத் தொட்டால் போதும், எறும்புக்கு அதுவே பாலம். எறும்பு ஏறிய பெட்டியில் ஒரே இரவில் கூட்டம் காலியாவதுண்டு.

பெட்டிக்குப் பெட்டி 2 மீட்டராவது விடுங்கள். நெருக்கி வைத்தே ஆகவேண்டும் என்றால் வாசல் பலகைகளுக்கு வேறு வேறு நிறம் பூசி, முகத்தையும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். ஆண் ஈயோடு கலக்கப் பறந்துவிட்டுத் திரும்பும் புது ராணி வாசல் மாறி அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் அங்கேயே கொல்லப்படும். இங்கே பெட்டி அநாதை.

பூ எப்படி என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் தும்பையும் மூக்குத்திப்பூவும் தரையெல்லாம் பூக்கும்; கூட்டம் பெருகுவது அதில்தான். மாசி, பங்குனியில் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் முருங்கை. செம்மணல் தேரிப் பக்கம் பனம்பாளை. பங்குனி, சித்திரையில் வேம்பு, நாவல், புங்கை, எள். அதற்குப் பிறகு புளி. தென்னையும் வாழையும் வருஷம் முழுக்க ஏதோ கொடுத்துக்கொண்டே இருக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு போன்ற ஆற்றுப்பாசன ஊர்களில் பெட்டி நிலைப்பதற்கு அதுவே பெரிய காரணம். பதனீர் இறக்கும் பனைவிளைக்குப் பக்கத்தில் வைத்தால் கலயத்தில் விழுந்து கொஞ்சம் ஈ சாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பூச்சிமருந்துதான் பெரிய தலைவலி. அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் முன்கூட்டியே "அண்ணாச்சி, மருந்து அடிக்க முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிருங்க, முடிஞ்சா பொழுது சாஞ்ச பெறவு அடிங்க" என்று பேசி வைத்தால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். பூ விரிந்த நேரத்தில் பகலில் அடித்தால் அவர்களுடைய காய்ப்பும்தான் குறையும் என்பதையும் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது

காலை 8 மணிக்கு மேல், வெயில் ஏறுமுன். அல்லது மாலை 4 மணிக்கு மேல். சாரல் நாளிலும் காற்று நாளிலும் திறக்க வேண்டாம். புகைப்பானில் காய்ந்த கதம்பை (தேங்காய் உரிமட்டை) போட்டுக் கொளுத்துங்கள். புகை வெள்ளையாக, குளிர்ந்து வர வேண்டும். வாசலில் இரண்டு ஊது, ஒரு நிமிஷம் பொறுத்து மூடியைத் தூக்கி மேலே ஒரு ஊது. அதற்கு மேல் புகைத்தால் இந்தியத் தேனீ பதறி அடையை விட்டு ஓடும், ராணியைத் தேட முடியாது.

வாசலுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே சாய்த்து வையுங்கள். அப்போதுதான் மற்றச் சட்டங்களை நகர்த்த இடம் கிடைக்கும். நடுச் சட்டத்தை முதலில் உருவினால் பக்கத்து அடையில் உரசி ஈ நசுங்கும். அதில் ராணியும் இருக்கலாம். சட்டத்தை எப்போதும் செங்குத்தாகவே பிடியுங்கள். புது அடை வெயிலில் வெண்ணெய் போல இளகியிருக்கும், படுக்கவாட்டில் திருப்பினால் மடங்கி விழும். மறுபக்கம் பார்க்க, மேல்கட்டையை நட்டுக்குத்தாக நிறுத்தி, அப்படியே சுற்றி, மறுபடி இறக்க வேண்டும்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, தோளுக்கு மேலாக வெளிச்சம் அடையின் சிறு அறைகளுக்குள் விழும்படி சட்டத்தைச் சாய்த்தால் முட்டை தெரியும். வெள்ளை நூலில் ஒரு துணுக்கு அளவுதான். அறையின் அடியில் நேராக நின்றால் இன்றைய முட்டை, சாய்ந்திருந்தால் நேற்றையது, படுத்திருந்தால் மூன்றாம் நாள். நின்ற முட்டை ஒன்று கண்ணில் பட்டால் ராணி நேற்றோ இன்றோ நடமாடியிருக்கிறாள். அவளை நேரில் பார்த்தே தீருவேன் என்று அரைமணி நேரம் பெட்டியைத் திறந்து வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. தேவையில்லை.

நல்ல ராணியின் அடையில் மூடிய புழு அறைகள் நடுவிலிருந்து வெளியே இடைவெளி இல்லாமல் பரவியிருக்கும். அதைச் சுற்றி மகரந்தம், மேல் விளிம்பில் தேன். மூடிய அறைகளுக்கு இடையே வெற்றறைகள் சிதறிக் கிடந்தால் ராணி கிழடு, அல்லது உறவுக் கலப்பு. ஒரே தாயின் வழிவந்த ராணிகளும் ஆண்களும் தமக்குள் கலந்தால், கருவுற்ற முட்டைகளில் ஒரு பகுதி ஆணாகத் திரும்பும். அந்தப் புழுக்களை வேலைக்கார ஈக்களே தின்றுவிடும். அடையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிவது அதனால்தான்.

ஆண் அறை மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஊசிமுனைத் துளையோடு இருக்கும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். போகும்போது அடிப்பலகையைத் துடைத்துவிட்டுப் போங்கள். அதில் சேரும் மெழுகுத் தூளில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும்; மெழுகுப்புழு வருவது அதிலிருந்துதான்.

ராணி அறையைப் படிப்பது

புது ராணி வளரும் அறைதான் ராணி அறை. அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை தொங்குவது போல ஐந்தாறு அறைகள் வரிசையாக, கூட்டமும் நிறைந்திருந்தால், கூட்டம் பிரியப் போகிறது. ஒன்றிரண்டு மட்டும் இருந்து, அடையில் முட்டை குறைந்திருந்தால் கிழட்டு ராணியை அவர்களே மாற்றுகிறார்கள், கையை வைக்காதீர்கள். அடையின் முகத்தில், நடுவில், வேலைக்கார அறையை இழுத்து நீட்டியதுபோல் இருந்தால் ராணி திடீரென்று இல்லாமல் போயிருக்கிறாள்.

நாள் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ராணிக்கு முட்டை 3 நாள், புழு 5 நாள், மூடிய அறைக்குள் 7 முதல் 8 நாள். ஆக 15 அல்லது 16 நாளில் வெளியே வருவாள். வேலைக்கார ஈக்கு அதைவிட மூன்று நாலு நாள் கூடுதல், ஆண் ஈக்கு ஏறத்தாழ 24 நாள். வெளிவந்த கன்னி ராணி ஒரு வாரத்துக்குள் பிற்பகல் வெயிலில் பறந்து கலந்து திரும்புவாள். அதன்பின் இரண்டு மூன்று நாளில் முட்டை. இடையில் மழை பிடித்தால் பறப்பு தள்ளிப்போகும். ஆகவே வெளிவந்த நாளிலிருந்து இரண்டு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. கன்னி ராணி மிரண்டால் பறந்துவிடுவாள். அல்லது வேலைக்காரர்களே அவளை உருண்டையாகச் சூழ்ந்து கொன்றுவிடுவார்கள்.

பிரிப்பது

ஒரு பெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்க இரண்டு பருவம். கூட்டம் பலமாக இருந்தால் புரட்டாசியில், பெருமழைக்கு முன். இல்லையென்றால் மழை விட்ட மார்கழியில். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்தால் ராணி பறக்க வெயில் கிடைக்காது. எந்த மாதமானாலும் ஆண் ஈக்கள் வாசலில் பறந்துகொண்டிருந்தால் மட்டுமே பிரியுங்கள். அவை இல்லாமல் ராணி வளர்த்து என்ன பயன்? புழு அறையின் ஏழு சட்டத்திலும் ஈ நிறைந்திருக்கும் பெட்டிதான் பிரிக்கத் தகுந்தது.

முதலில் ராணி நிற்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து, ராணியோடு அப்படியே புதுப் பெட்டியில் வையுங்கள். அந்தச் சட்டத்தில் ராணி அறை ஒன்றும் இருக்கக்கூடாது, இருந்தால் கிள்ளிவிடுங்கள். கூடவே பொரியும் தறுவாயில் உள்ள மூடிய புழுச் சட்டம் ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று. இன்னும் ஒரு சட்டத்திலிருந்து ஈயைப் புதுப் பெட்டிக்குள் உதறிவிடுங்கள், ஏனென்றால் வயலுக்குப் போய்ப் பழகிய ஈ எல்லாம் மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; புதுப் பெட்டியில் நிற்பது வெளியே போயறியாத இளம் ஈ மட்டும்தான். புதுப் பெட்டியைச் சில மீட்டர் தள்ளி வைத்து வாசலை இரண்டு ஈ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். அன்று மாலையே சர்க்கரைப்பாகு.

பழைய பெட்டி பழைய இடத்திலேயே, ராணி அறைகளோடு நிற்கும். இங்கேதான் புதியவர்கள் தவறுவது. பத்து அறை இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால், முதல் ராணி வந்ததும் ஒரு கூட்டம் கிளம்பும், இரண்டாவது வந்ததும் இன்னொன்று. கடைசியில் பெட்டியில் கைப்பிடி ஈ மிஞ்சும். நீளமாக, தடிமனாக, மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள இரண்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் நல்ல அறைகள் வீண் இல்லை. ராணியில்லாத வேறு பெட்டிக்கோ, பக்கத்து ஊர் வளர்ப்பாளருக்கோ கொடுக்கலாம். நுனியில் மெழுகை ஈக்கள் சுரண்டி எடுத்து அடியில் உள்ள பழுப்புக் கூடு தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் ராணி வருவாள். மாற்ற அதுதான் சரியான வயது. அறையைச் சுற்றி ஒரு அங்குல அடையோடு கத்தியால் வெட்டுங்கள். நுனி கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். கவிழ்க்கவோ உதறவோ வெயிலில் வைக்கவோ கூடாது. கொடுக்கப்போகும் பெட்டியில் நடுச் சட்டத்தின் மேல்பகுதியில் விரலால் கொஞ்சம் அடையை அமுக்கிப் பள்ளம் செய்து, அறையின் மேல்பக்க அடைத் துண்டைக் கருவேல முள் இரண்டால் குத்தி நிறுத்தினால் போதும். முள் அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளே ஈக்கள் மெழுகு வைத்து ஒட்டிவிடும்.

ராணி அறையே இல்லாமல் பிரித்தால், ராணியில்லாத பாதியில் முட்டையும் ஒருநாள் புழுவும் உள்ள சட்டம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூன்றாம் நாளே மூடிவிட்ட அறை இருந்தால் அதை அழித்துவிடுங்கள். வயது கூடிய புழுவிலிருந்து அவசரத்துக்குச் செய்தது அது. அந்த ராணி சிறுத்துப் பிறப்பாள், முட்டையும் குறைவு. அதற்குப் பிறகு மூடும் அறைதான் நல்லது. பிரித்து 30 நாள் ஆகியும் முட்டை தென்படவில்லை என்றால் காத்திருக்காமல் வேறு பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

ராணியை வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது. இரண்டாம் வருஷ ராணி தேன் கொடுக்கும், ஆனால் அவள் பெட்டிதான் முதலில் பிரிய நினைக்கும். எப்போது ராணி மாற்றினீர்கள் என்பதைப் பெட்டியின் பின்புறம் தேதியோடு எழுதுங்கள்.

ராணி போன பெட்டி

இந்தியத் தேனீயில் ராணி போனால் வேலைக்கார ஈக்கள் சீக்கிரமே தாங்களே முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். வேலைக்கார அறைகளில் குமிழ் குமிழாக ஆண் மூடிகள் வரும். முட்டை அறைக்கு ஒன்றாக, சரியாக அடியில் இருந்து, எல்லாம் ஆணாகவே வந்தால் அது வேறு கதை: ராணி இருக்கிறாள், கலக்காதவள் அல்லது விந்து தீர்ந்தவள். அவளைக் கொன்றுவிட்டுப் புது ராணி அறை கொடுக்கலாம். முட்டையிடும் வேலைக்காரர்கள் உள்ள பெட்டிக்கு நேரடியாக ராணி கொடுத்தால் கொன்றுவிடுவார்கள். வாரம் ஒரு சட்டம் வீதம் முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை கொடுத்துக்கொண்டே வந்தால் சில வாரத்தில் ராணி அறை கட்டத் தொடங்குவார்கள். ஈ குறைவாக இருந்தால் அந்தப் பாடு வேண்டாம், பலமான பெட்டியோடு சேர்ப்பதே மேல்.

சேர்ப்பது எளிது. பலமான பெட்டியின் புழு அறைமேல் பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை விரித்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, சர்க்கரைத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் ராணியில்லாப் பெட்டியின் அறையை அந்தியில் ஏற்றி வையுங்கள். தாளைக் கடித்துக் கிழிக்கும் இரண்டு நாளில் வாடை ஒன்றாகிவிடும். தாளில்லாமல் கொட்டினால் காலையில் வாசலில் பிணக்குவியல்தான்.

ஓடிப்போவதும் பிரிந்துபோவதும்

இரண்டும் ஒன்றில்லை. பிரிவது பலத்தால், ஓடுவது கஷ்டத்தால். பசி, எறும்பு, மெழுகுப்புழு, வெயில், கடந்தைக் குளவி, அடிக்கடி திறந்து பார்க்கும் ஆர்வக்கோளாறு, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஓடப்போகும் பெட்டியில் முதலில் மகரந்தம் வருவது நிற்கும், பிறகு முட்டை நிற்கும், இருக்கிற தேனைத் தின்று தீர்ப்பார்கள். மூடிய புழு எல்லாம் பொரிந்ததும் ஒருநாள் முற்பகலில் மொத்தமும் கிளம்பிவிடும். முட்டை நின்றதைப் பார்த்த அன்றே வேறு பெட்டியிலிருந்து மூடாத இளம்புழு உள்ள சட்டம் ஒன்றைக் கொடுங்கள். குஞ்சை விட்டுவிட்டு எளிதில் போகமாட்டார்கள். அன்று மாலையிலிருந்தே பாகு.

வாசலில் ராணித் தடுப்பு (வேலைக்கார ஈ மட்டும் நுழையும் சல்லடை) போட்டால் ஓடாது என்று கடைக்காரர் சொல்வார். புதிதாகப் பிடித்து வைத்த கூட்டத்துக்கு நாலைந்து நாள் போடலாம். அதற்கு மேல் விட்டால் ஆண் ஈ வெளியே போக முடியாமல் வாசலில் செத்து அடைக்கும். உள்ளே இருப்பது கன்னி ராணி என்றால் கலக்கப் போக முடியாமல் வாழ்நாள் முழுக்க ஆண் முட்டைதான் இடுவாள்.

கிளம்பிய கூட்டம் பெரும்பாலும் பக்கத்து மரக்கிளையில் சிலமணி நேரம் தொங்கும். தண்ணீரைப் புகைபோலத் தெளித்து, கீழே பெட்டியைப் பிடித்துக் கிளையை ஒரே உதறு. உள்ளே புழு உள்ள சட்டம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனி, ஆடிக்குத் தீனி

ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். கொதிக்கவைத்த தண்ணீரை இறக்கிச் சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருகவிடக்கூடாது. ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, வாரம் ஒருமுறை. பலவீனமான பெட்டிக்கு இரண்டு முறை. கருப்பட்டியும் வெல்லமும் வீட்டில் நிறைய இருக்கிறதே என்று கரைத்து வைக்காதீர்கள். அதில் உள்ள கசடும் உப்பும் ஈக்குச் சேராது, பெட்டி முழுக்கக் கழியும், புளிக்கவும் புளிக்கும்.

பாகை அந்தியில், பெட்டிக்குள்ளேயே, மிதக்கக் குச்சி போட்டு வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் பலத்த பெட்டி நோஞ்சான் பெட்டியைக் கொள்ளையடிக்கத் தொடங்கும். காலையில் வாசலில் ஈக்கள் கட்டிப் புரண்டால் அதுதான், வாசலை ஒரு ஈ அளவுக்குச் சுருக்குங்கள். காலையில் மிஞ்சிய பாகை எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஈ இல்லாத சட்டங்களையும் எடுத்துவிட வேண்டும். நாலு சட்டத்து ஈக்கு ஏழு சட்டம் கொடுத்தால் மூன்று சட்டம் மெழுகுப்புழுவுக்கு.

நோயும் பகையும்

1991-92 வாக்கில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. இன்றும் அங்கங்கே வருகிறது. அறை மூடுவதற்குச் சற்று முன் புழு தன் அறைக்குள் நீட்டிப் படுத்தபடி செத்து, தலை தூக்கிக் கறுத்து, எடுத்தால் தண்ணீர்ப் பைபோல வரும். மருந்து இல்லை, ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண்செலவு. நோயடையை எடுத்து எரித்து, ராணியைக் கூண்டில் அடைத்துச் சில வாரம் முட்டையை நிறுத்தி, தீனி கொடுத்து, நோய் தாங்கி நின்ற பெட்டியின் ராணி அறையைக் கொடுப்பதுதான் வழி.

மெழுகுப்புழு அடைக்குள் வெள்ளை நூலாம்படை பின்னிப் போகும். பலமான கூட்டத்தில் நிற்காது. கடந்தை வாசலில் வந்து தூக்கும்; கூட்டைத் தேடி அழிப்பது ஒன்றுதான் நிலையான தீர்வு. பஞ்சுருட்டான் குருவி கம்பியில் உட்கார்ந்து ஈ பிடிக்கும். கன்னி ராணி பறக்கும் நாட்களில் மட்டும் அதை விரட்டினால் போதும்.

நாலு பேர் சேர்ந்தால்

சைக்கிள் தூரத்தில் நாலைந்து வளர்ப்பாளர்கள் இருந்தால் பழகிக்கொள்ளுங்கள். முட்டைச் சட்டம், ராணி அறை, தேன் எடுக்கும் எந்திரம் மூன்றும் கைமாறும். களக்காட்டுக்காரரும் ஆலங்குளத்துக்காரரும் ராணி அறைகளை மாற்றிக்கொண்டால் உறவுக் கலப்பும் குறையும். ஆனால் கொடுக்கும் சட்டத்தோடு நோயும் போகும். செத்த புழு ஒன்று கண்ணில் பட்ட பெட்டியிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். உளியையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள்.

சிலர் தை, மாசியில் பெட்டிகளைக் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ரப்பரில் ஈ எடுப்பது பூவில் இல்லை, தளிர் இலைக்காம்பில் சுரக்கும் தேன். மகரந்தம் அங்கே குறைவு. தளிர் முற்றியதும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் தேன் இருந்தும் கூட்டம் இளைத்துப்போகும்.

தேன்

புழு அறைச் சட்டங்களின் மேல் விளிம்பில் புது வெள்ளை மெழுகு தெரிந்தால் தேன் அறையை ஏற்றுங்கள். அடையில் நாலில் மூன்று பங்கு மூடிய பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். விற்பனைத் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. புழு அறையில் உள்ள தேன் ஈக்கு, அதைத் தொடாதீர்கள். எந்திரத்தை முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கம் பாதி எடுத்து, திருப்பி மறுபக்கம் முழுக்க எடுத்து, மறுபடி முதல் பக்கம். எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் அடை உடையும். துணியில் வடிகட்டினால் போதும், காய்ச்ச வேண்டாம். உறைந்த தேனைக் கலப்படம் என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். இளஞ்சூட்டு வெந்நீரில் பாட்டிலை வைத்துக் கரைத்துக் காட்டுங்கள்.

வைகாசி பிறந்ததும் தேன் அறையை இறக்கிவிடுங்கள். காலியான அடைகளை ஈ நக்கிச் சுத்தம் செய்த பிறகு, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் பிரீசரில் வைத்தால் அந்துப்பூச்சி முட்டை செத்துவிடும். பையைப் பிரிக்காமலே எடுத்து, எறும்பு, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். ரசகற்பூர உருண்டை மட்டும் போடாதீர்கள். அந்த வாடை மெழுகில் ஏறி அடுத்த வருஷத் தேன் வரைக்கும் வரும்.